கர்லாக்கட்டையும் மடக்குப் பெஞ்சும்

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பொருள்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒன்று என் தாத்தாவின் கர்லாக்கட்டை. வேப்பமரத்தில் கடைந்தது. எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிடி, கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மழமழவென்று இருக்கும். இன்னொன்று நான் 2009இல் வாங்கிய சிட்-அப் பெஞ்ச். இரும்புக் குழாய், கறுப்பு ரெக்சின், கால் மாட்டிக்கொள்ள ஸ்பாஞ்ச் சுற்றிய இரண்டு உருளைகள். கட்டை தினமும் விடியற்காலை கீழே இறங்கும். பெஞ்சு ஏறிய நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறது.

போன தீபாவளிக்குப் போனஸ் வந்த மறுநாள், எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் பையன் செல்போனை என்னிடம் நீட்டினான். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். திரையில் வயிற்றுக்கான பயிற்சிக் கருவிகள் வரிசையாக நின்றன. சக்கரம், பெஞ்சு, ரப்பர் பட்டை, பெரிய பந்து, மின்சார பெல்ட்.

“அண்ணா, இதுல எது வாங்கட்டும்? லைன்ல எட்டு மணி நேரம் நின்னா இடுப்பு விட்டுப்போவுது. வயிறு ஸ்ட்ராங்கா இருந்தா இடுப்பு தாங்கும்னு சொல்றாங்க.”

அவன் கேட்டது சரியான கேள்வி. வயிற்றைப் பற்றிக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தொப்பையைப் பற்றித்தான் கேட்பார்கள். இவன் தாங்குவதைப் பற்றிக் கேட்டான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ஊர் உழைப்பின் கதையையும் இந்தக் கருவிகளின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பதில் பிடிபடும். அன்று மாலை மொட்டைமாடியில் உட்கார்ந்து அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஏற்றமரத்தின் மேல்

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 1997 ஜூலையில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது வந்த பெயர் அது. அதற்கு முன் செங்கல்பட்டு என்றாலே ஏரி மாவட்டம்தான். பக்கத்தில் இருக்கும் திருப்பெரும்புதூர் என்றால் அன்று எங்களுக்கு இராமானுசர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில் தேர், அப்புறம் ஏரி. மழை பெய்தால் ஏரி நிறையும், நிறைந்தால் நெல் விளையும். ஏரி வற்றினால் கிணற்றிலிருந்து இறைத்தாக வேண்டும்.

இறைப்பதற்கு ஏற்றம். இந்தத் தலைமுறைக்கு அதைப் படத்தில் காட்டினால்கூடப் புரிவதில்லை. தூணின் மேல் ஒரு நீண்ட மரம், தராசுக்கோல் மாதிரி. ஒரு முனையில் தொங்கும் கழியில் தண்ணீர் மொள்ளும் கூனை. கீழே ஒருவர் கூனையைப் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்துவார். மேலே மரத்தின் மீது ஒருவர், சில இடங்களில் இரண்டு மூன்று பேர், முன்னும் பின்னும் நடப்பார்கள். முன்னால் நடந்தால் கூனை இறங்கும், பின்னால் நடந்தால் ஏறும். மரத்தின் அகலம் ஒரு பாதம் வைக்கும் அளவுதான். ஈரமாக வேறு இருக்கும். விடிவதற்கு முன்னால் ஏறினால் வெயில் ஏறும்வரை நடை. எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பாட்டு.

என் தாத்தா அந்த மரத்தில் நடந்தவர். 1960களில் ஊருக்கு மின்சார மோட்டார் வந்த பிறகு இறங்கினார். அவர் உடம்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்பு பெரிதில்லை, கை பருமன் இல்லை. வயிறு மட்டும் பலகை. சிறுவனாக இருந்தபோது அதில் குத்தி விளையாடுவேன். அவர் வயிற்றுக்கென்று ஒரு பயிற்சியும் செய்ததில்லை. அசையும் மரத்தின் மேல் ஆயிரம் தடவை முன்னும் பின்னும் நடப்பவனுக்கு, ஒவ்வொரு அடியிலும் இடுப்பு சரியாமல் வயிறுதான் பிடித்து நிறுத்துகிறது. அது பலகையாகாமல் என்ன செய்யும்?

என் பாட்டிக்கும் இதே கணக்குதான். உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவது, அம்மியில் முன்னும் பின்னும் தள்ளி அரைப்பது, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம் தூக்கி வருவது. எல்லாவற்றிலும் கைதான் வேலை செய்வதுபோலத் தெரியும். கை வேலை செய்ய வேண்டுமானால் நடு உடம்பு நிலையாக நிற்க வேண்டும். இதை உடற்பயிற்சி என்று சொல்லி அந்தக் காலத்துக் கஷ்டத்தை நான் அழகுபடுத்தவில்லை. பாட்டியின் தோள் ஐம்பது வயதிலேயே தேய்ந்துவிட்டது. உடம்பு எப்படி உறுதியானது என்பதற்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

கட்டையும் கோதாவும்

உழைப்புக்கு வெளியே, உடம்பை உறுதியாக்குவதற்கென்றே செய்த கருவி கர்லாக்கட்டை. தாத்தாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்துக் குஸ்தி வாத்தியார் ஒருவர். காஞ்சிக்கும் மல்லுக்கும் உறவு பழையது. 7ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்ட நரசிம்மவர்மப் பல்லவன் சூடிக்கொண்ட பட்டமே மாமல்லன், அதாவது பெரிய மல்லன். கடற்கரையில் இருக்கும் மாமல்லபுரம் அந்தப் பட்டத்தைத்தான் இன்றும் சுமக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில், மல்லர்களை எப்படி வளர்ப்பது, என்ன ஊட்டுவது, எப்படிப் பழக்குவது என்று ஒரு பகுதியே இருக்கிறது. தூணைப் பிடித்துச் செய்யும் பயிற்சியும் அதில் உண்டு. மல்லர் கம்பம் என்று விழுப்புரத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் ஏறிச் சுழல்கிறார்களே, அதன் மூத்த உறவு அது. மாடிப் பையன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் பள்ளிக்கூடத்திலும் கம்பம் இருந்ததாம். “கம்பத்துல ஏறினா மறுநாள் வயித்தைத் தொட முடியாது அண்ணா, அவ்ளோ வலிக்கும்” என்றான்.

நாம் புழங்கும் சொற்களைப் பார்த்தாலே இந்தக் கலை பல ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தது தெரியும். குஸ்தியும் பயில்வானும் பாரசீகத்திலிருந்து வந்தவை. தண்டாலும் பஸ்கியும் வடக்கிலிருந்து வந்தவை. சிலம்பம் நம்முடையது. எல்லாம் ஒரே மண்கோதாவில் கலந்தன. தெற்கே மதுரை, நெல்லைப் பக்கம் இளவட்டக்கல் இருந்தது. உருண்டையான கல், பிடிக்க விளிம்பே இருக்காது. அதைக் குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, வயிற்றில் தாங்கி, மார்புக்குக் கொண்டுவந்து தோளுக்கு மேல் எறிய வேண்டும். கல் தங்கி மூச்சு வாங்கும் இடம் வயிறுதான்.

கட்டை சுழற்றுவதை எனக்குத் தாத்தா பத்து வயதில் பழக்கினார். முதல் ஒரு வாரம் கட்டையைக் கையில் தரவே இல்லை. வெறும் கையை முன்னால் நீட்டி நிற்கச் சொல்லி, தன் உள்ளங்கையை என் வயிற்றில் வைத்துக்கொள்வார். “கையத் தூக்கு” என்பார். தூக்குவேன். “இன்னொரு தபா. இப்போ மெதுவா” என்பார். பிறகுதான் சொன்னார்: “பாத்தியா, கை கிளம்பறதுக்கு முன்னாடியே வயிறு எழுந்துக்குது. அதான் மொதலாளி. கை வேலைக்காரன்.”

பிறகு கட்டை. வலது கையில் பிடித்து மார்புக்கு நேரே நிறுத்தி, தோளைத் தாண்டிப் பின்னால் விட வேண்டும். முழங்கை காதை ஒட்டி வானத்தைப் பார்க்கும். கட்டை முதுகில் ஊஞ்சல் மாதிரி இறங்கி, மறுதோள் பக்கம் சுற்றி, பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கட்டை பின்னால் போகும்போது உடம்பையும் பின்னால் இழுக்கும். முதுகு வளைந்தால் அடி. வயிற்றை இறுக்கிப் பிடித்தால் கட்டை மட்டும் சுற்றும், ஆள் அசையமாட்டான். ஐம்பது சுற்று முடித்தால் கையைவிட விலாப் பக்கம்தான் அதிகம் வலிக்கும்.

கடல் தாண்டிப் போனதும் திரும்பி வந்ததும்

இந்தக் கட்டை வெள்ளைக்காரர்களின் கண்ணில் பட்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இங்கிருந்த ராணுவத்தார் சிப்பாய்கள் சுழற்றுவதைப் பார்த்துத் தங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். 1834இல் லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் இந்தியக் கட்டைக்கென்று பாடமே வந்துவிட்டது. 1866இல் நியூயார்க்கில் சிம் கேஹோ என்பவர் இதற்கென்றே தனி நூல் போட்டார். கட்டைகளைச் செய்து விற்கவும் செய்தார். வீட்டில் வைத்துப் பழகும் உடற்பயிற்சிக் கருவி என்ற வியாபாரம் அமெரிக்காவில் காலூன்றிய நாள்களில் நம் ஊர்க் கட்டையும் அந்தக் கடையில் இருந்தது. 1904இலும் 1932இலும் கட்டை சுழற்றுவது ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வென்ற ஜார்ஜ் ரோத், வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கிய ஒரு சாதாரண மனிதர். அவருடைய கதையைப் படித்தபோது, போனஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் எங்கள் பையன்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அங்கே போன கட்டை எடை குறைந்து, மெலிந்து, இசைக்கு ஆட்டும் பொருளாகிவிட்டது. அந்த மெலிந்த வடிவம் ‘டிரில்’ என்ற பெயரில் நம் பள்ளிக்கூடங்களுக்கே திரும்பி வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது. நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல டிரில் மாஸ்டர்களுக்குத் தாய்வீடு அதுதான். எனக்குப் பள்ளியில் டிரில் கற்றுத்தந்தவரும் அங்கே படித்தவர். வரிசையில் நிற்கவைத்து, குனிந்து கால்விரலைத் தொடு, மல்லாந்து படுத்து எழுந்திரு என்று அவர் எண்ணிச் சொன்னபோதுதான், வயிற்றை மடக்கினால் வயிறு பலப்படும் என்ற எண்ணம் எனக்குள் புகுந்தது. தாத்தாவின் பாடத்தில் மடக்குவதே இல்லை, நிறுத்துவதுதான் இருந்தது. அந்த வித்தியாசத்தை நான் உணர இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

ஐரோப்பாவில் இதே காலத்தில் கருவி வேறு திசையில் போனது. 1865இல் ஸ்டாக்ஹோமில் குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் 27 இயந்திரங்களுடன் ஒரு நிலையம் திறந்தார். ஒவ்வொரு தசைக்கும் ஒவ்வோர் இயந்திரம். வயிற்றைப் பிசைந்து விடுவதற்கும் ஒன்று. உடம்பைப் பாகம் பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு ஒரு கருவி என்ற யோசனைக்கு அங்கே உருவம் கிடைத்தது. பிறகு யூஜின் சாண்டோ. 1867இல் பிறந்த இந்த ஜெர்மன் பயில்வான், ஸ்பிரிங் வைத்த டம்பெல்லைத் தன் பெயரில் விற்றவர். 1900களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து மேடையேறினார். அவருடைய உடம்பின் படத்தைப் பார்த்தவர்கள் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கப் பழகினார்கள். உடம்பு எதைத் தாங்குகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய், எப்படித் தெரிகிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. வயிற்றுக் கருவிகளின் கடை அதற்குப் பிறகு அந்த இரண்டாவது கேள்வியை நம்பியே நடந்திருக்கிறது.

வேறு முறைகளை வளர்த்தவர்களும் உண்டு. ஜோசப் பிலாட்டஸ் என்ற ஜெர்மானியர் முதல் உலகப்போரில் இங்கிலாந்துக்காரர்களிடம் கைதியாக இருந்தார். 1920களில் நியூயார்க் போய், நடு உடம்பின் கட்டுப்பாட்டையே மையமாக வைத்து ஒரு முறையை வளர்த்தார். தென்னிந்தியாவில் பெங்களூர் கே.வி. ஐயர், சூரிய நமஸ்காரத்தையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். வெளியூர்க்காரர்களுக்குத் தபாலிலேயே பாடம் அனுப்பினார்.

கம்பெனிகள் வந்தபோது

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்த நாள்களில்தான் எங்கள் நிலங்கள் ‘சிப்காட்’ தொழிற்பேட்டை ஆயின. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2000இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி, 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் லாரி, 2013இல் ராயல் என்ஃபீல்ட். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் நெல் தெரிந்த இடத்தில் ஷெட் தெரிந்தது. நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோது அந்த வேலையை நம்பி வந்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். இந்த ஆலை வேலையில் உடம்புதான் முதல். அது நின்றால் எல்லாம் நிற்கும்.

நான் முதலில் சேர்ந்தது ஜப்பான்காரர்களின் கூட்டில் நடந்த ஓர் உதிரிபாகக் கம்பெனி. ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நிற்போம். ஒலிபெருக்கியில் பியானோ இசை வரும். கையைத் தூக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பைச் சுழற்றி நாலைந்து நிமிடம் பயிற்சி. இதன் கதையும் நீளமானது. 1925இல் அமெரிக்காவில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வானொலியில் காலைப் பயிற்சி ஒலிபரப்பியது. அதைக் கண்டு வந்த ஜப்பான் அஞ்சல் காப்பீட்டுத் துறை, 1928இல் பேரரசர் முடிசூட்டை ஒட்டி ‘ராஜியோ தைசோ’ என்று தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நின்றுபோய், 1951இல் புது வடிவத்தில் மீண்டும் வந்தது. அங்கிருந்து ஆலைகளுக்குள் புகுந்து, எங்கள் ஊர் ஏரிக்கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு அந்தப் பயிற்சி பிடிக்கும். ஆனால் நாலு நிமிடத்துக்குப் பிறகு எட்டு மணி நேரம். லேத் முன்னால் கொஞ்சம் குனிந்த நிலையிலேயே நிற்பது, சக்கில் பதினைந்து கிலோ வார்ப்பை மாட்டுவது, கழற்றுவது, இடுப்பைத் திருப்பி டிராலியில் வைப்பது. தாத்தா ஏற்றமரத்தில் செய்ததும் திரும்பத் திரும்பச் செய்ததுதான். ஆனால் அவர் உடம்பு முழுவதும் நடந்தது. என் உடம்பில் இடுப்பு மட்டும் திரும்பியது. 2008இல் ஒருநாள் வார்ப்பைத் தூக்கும்போது முதுகில் கரண்ட் அடித்த மாதிரி ஒன்று பாய்ந்தது. வலது கால் வரைக்கும் இறங்கியது. இருபது நாள் படுக்கை.

பெஞ்சு செய்த வேலை

டி.வி.யில் அப்போது கருவி விளம்பரம் ஓயாமல் ஓடும். 1990களில் தனியார் சேனல்கள் வந்தபோதே வெளிநாட்டு விளம்பரங்களைத் தமிழில் டப்பிங் செய்து போடத் தொடங்கியிருந்தார்கள். வாய் ஒருபக்கம் அசையும், குரல் இன்னொரு பக்கம் வரும். ஆடும் நாற்காலி, மடக்கும் பெஞ்சு, வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும் என்ற மின்சார பெல்ட். அந்த பெல்ட்டுகளின் விளம்பரம் பொய் என்று 2002இலேயே அமெரிக்காவின் வணிக ஆணையம் மூன்று கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம், இரண்டு வாரத்தில் பத்து பவுண்டு குறையும் என்று விற்ற வேறொரு வயிற்றுக் கருவிக்கு, 2012இல் வாங்கியவர்களிடம் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலை வந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

முதுகு வலிக்கு வயிற்றைப் பலப்படுத்து என்று யாரோ சொன்னது மட்டும் காதில் இருந்தது. சென்னை பெரியமேட்டுக்குப் போய், நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடை ஒன்றில் இந்தப் பெஞ்சை வாங்கி, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தேன். காலை உருளையில் மாட்டி, மல்லாந்து, கையைத் தலைக்குப் பின் கோத்து எழுவேன். முதல் வாரம் இருபது, இரண்டாம் வாரம் நாற்பது, மாதக் கடைசியில் நூறு. வயிற்றில் கோடு தெரிந்தது. முதுகு வலி இரட்டிப்பானது. ஒருநாள் காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் பிசியோதெரபி பார்க்கும் ஓர் அம்மா, நான் செய்ததைச் செய்து காட்டச் சொன்னார். நாலு தடவை எழுந்ததுமே நிறுத்தச் சொன்னார். “உங்க காலை மாட்டினதும் தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கிற தசைதான் இழுக்குது. அது முதுகெலும்பைப் பிடிச்சு இழுக்குது. ஏற்கெனவே அடிபட்ட டிஸ்க்கை நூறு தடவை மடக்கியிருக்கீங்க” என்றார். பிறகு என்னைப் படுக்கவைத்து, விரலை இடுப்பெலும்புக்கு உள்பக்கம் அழுத்திக்கொண்டு, “இப்போ கையை மட்டும் தூக்குங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் வயிற்றில் உள்ளங்கை வைத்துத் தாத்தா சொன்ன அதே வார்த்தை.

அவர் சொன்ன விளக்கத்தை இப்படிப் புரிந்துகொண்டேன். வயிறு ஒரே தசை இல்லை, நாலு. நடுவில் மேலிருந்து கீழாக ஓடுவது கண்ணாடியில் கட்டம் கட்டமாகத் தெரியும் நேர்தசை. இருபக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாய்தசை. எல்லாவற்றுக்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றி அரைக்கச்சை கட்டியதுபோல ஒரு குறுக்குத்தசை. 1996இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஊசி மின்முனை வைத்துப் பார்த்தார்கள். நலமாக இருப்பவர் கையைத் தூக்கும்போது, கைத்தசைக்கு முன்பே இந்த உள்கச்சை இறுகுகிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு அது தாமதமாக இறுகுகிறது. தாத்தாவின் முதலாளி - வேலைக்காரன் கணக்கு, எழுத்துப் பிசகாமல் அதுதான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் பன்றியின் முதுகெலும்பை இயந்திரத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப மடக்கிப் பார்த்தார். சுமை குறைவாக இருந்தாலும், மடக்கல் ஆயிரக்கணக்கில் ஏற ஏற டிஸ்க் பிதுங்கியது. உயிருள்ள மனித முதுகு தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதனால் எழுந்து உட்காரும் பயிற்சியே விஷம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பகலெல்லாம் குனிந்து நிமிரும் ஆலைத் தொழிலாளி வீட்டுக்கு வந்தும் அதையே நூறு தடவை செய்ய என்ன தேவை? படைகளே மாற்றிக்கொண்டுவிட்டன. பல பத்தாண்டுகளாகச் சிட்-அப் எண்ணிக்கொண்டிருந்த அமெரிக்கத் தரைப்படை, இப்போது முழங்கையூன்றி உடம்பைப் பலகையாக நிறுத்தும் ‘பிளாங்க்’ பயிற்சியை வைத்துத்தான் சோதிக்கிறது. அந்நாட்டு மரைன் படையும் 2023லிருந்து அப்படியே.

தொப்பை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1971இல் கலிபோர்னியாவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். ஆடும் கையில் தசை பெரிது, கொழுப்பு மட்டும் இரண்டு கையிலும் ஒரே அளவு. 2011இல் அமெரிக்காவில் 24 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு. ஒரு குழு ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தது. வயிற்றின் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. ஓர் இடத்தை ஆட்டினால் அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்று எந்தக் கருவியின் பெட்டியில் எழுதியிருந்தாலும், அது விற்பவரின் ஆசை. கொழுப்பு தட்டிலும் நடையிலும் தூக்கத்திலும் குறையும். நைட் ஷிப்ட் முடித்துப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் எங்கள் பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும்.

எதை வாங்குவது

இப்போது மாடிப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அவன் அறை பத்துக்குப் பத்து. மூன்று பேர் ஷிப்ட் மாற்றித் தூங்குகிறார்கள். அந்த அறைக்குள் பெஞ்சு வந்தால் ஒருவன் வெளியே போக வேண்டும்.

ஒரு கருவியைக் கையில் எடுத்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இது என் முதுகை மடக்குகிறதா, மடங்காமல் நிறுத்த என் வயிற்றைப் பழக்குகிறதா? மின்சார பெல்ட் தசையைத் துடிக்கவைக்கும், தாங்கப் பழக்காது. வேண்டாம். சிட்-அப் பெஞ்சு, முதுகில் கோளாறு இல்லாத இளைஞனுக்கு நாலு பயிற்சியில் ஒன்றாக இருக்கலாம், அதுவே எல்லாமாக இருக்கக் கூடாது. கைப்பிடி போட்ட சக்கரம் நல்ல கருவி. அது உடம்பை நீட்ட நீட்ட, முதுகு தொய்யாமல் வயிறு பிடித்து நிறுத்த வேண்டும். ஆனால் அது முதல் மாதத்துக்கான கருவி இல்லை. முழங்கையூன்றிப் பலகையாக ஒரு நிமிடம் நிற்க முடிந்த பிறகே சக்கரம். அதுவும் முழங்கால் போட்டு, சுவருக்கு எதிரே, இரண்டடி தூரத்துக்குள். சக்கரத்தின் அச்சு இரும்பாக இருக்க வேண்டும், சக்கரம் அகலமாகவோ இரட்டையாகவோ இருக்க வேண்டும். ஒல்லியான ஒற்றைச் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து தோளை வாங்கும். 1963இல் அக்விலினோ கோசானி என்ற இத்தாலியர் செய்யத் தொடங்கிய பெரிய பந்து, ஏற்றமரம் மாதிரி அசையும் இடத்தில் நிலைக்கப் பழக்குகிறது. வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ரப்பர் பட்டை மலிவு. ஜன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டில் நின்று நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்தால் சாய்தசைக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. வெடிப்பு விட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், குழந்தை பெற்று அதிக நாள் ஆகாத பெண்கள், இரத்த அழுத்தக்காரர்கள் எதைத் தொடுவதற்கு முன்னாலும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோரைப்பாய். அது ஏற்கெனவே அவன் அறையில் இருந்தது.

மறுநாள் விடியற்காலை அவன் நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் மாடியில் கட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்தான். கட்டையைக் கேட்டான். தரவில்லை. வெறும் கையை முன்னால் நீட்டி நிற்கச் சொன்னேன். பனியனுக்கு மேலே அவன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். “கையைத் தூக்கு.” தூக்கினான். “இன்னொரு தபா. மெதுவா.” என் உள்ளங்கைக்குக் கீழே அவன் வயிறு எழுந்தது. அதற்குப் பிறகுதான் கை எழுந்தது.

“தெரியுது அண்ணா” என்றான்.

அந்த வாரம் ஒரு ரப்பர் பட்டை மட்டும் வாங்கினான். மீதிப் பணத்தை ஊருக்கு அனுப்பினான். காஞ்சிபுரத்துக் கடைசல் பட்டறையில் இரண்டு கிலோவில் ஒரு கட்டைக்குச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்குள் வந்துவிடும்.